காவியும் கறுப்பு அங்கியும்: வடுவூராரின் துப்பறியும் நாவலும் காஞ்சியின் இரு நாடகங்களும்

வடுவூர் துரைசாமி ஐயங்காரைப் பற்றி நம் இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நின்றுவிடுகின்றன. அவருடைய நாவல்கள் ஏராளமான வாசகர்களைப் பெற்றன. அவற்றுள் பல ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸைத் தழுவியவை. துப்பறியும் கதைக்குரிய அளவுகோலால் அளப்பவர்கள் மூன்றாவதாக ஒரு குறையையும் சேர்த்துக்கொள்வார்கள். அகதா கிறிஸ்டியின் முதல் நாவல் 1920இல் வெளிவந்தது. அவ்வகைக் கதையில் தடயங்கள் வாசகரின் கண்முன்னே கிடக்கும். குற்றவாளி மட்டும் கடைசி அத்தியாயம்வரை மறைந்திருப்பான். வடுவூராரிடமோ கயவன் யாரென்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

இது குறைபாடு அன்று, வேறொரு வினாவின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம். ‘யார் செய்தது’ என்பதைவிட ‘யார் சொன்னால் உண்மை நிலைபெறும்’ என்பதே வடுவூராரின் கவலை. காஞ்சிபுரத்தோடு தொடர்புடைய இரண்டு நாடகங்களுக்கு நடுவே அவரை வைத்துப் பார்க்கும்போது இது துலங்கும். ஒன்று மகேந்திரவர்ம பல்லவனின் மத்தவிலாசப் பிரகசனம். மற்றது அண்ணாவின் வேலைக்காரி.

வடுவூரார் 1880இல் பிறந்தார்; 1942இல் மறைந்தார். தாசில்தாராக இருந்து, அந்தப் பதவியை விட்டு எழுத்துக்கு வந்தவர். ‘மனோரஞ்சினி’ என்ற இதழை நடத்தியவர். மனு, விசாரணை, சாட்சி, பதிவேடு எல்லாவற்றையும் அரசு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர் என்பதை அவருடைய கதைகளை வாசிக்கும்போது மறக்கக் கூடாது. ‘மேனகா’வின் தந்தை ஒரு டிப்டி கலெக்டர். ஆயினும் அந்தப் பதவியால் மகளைக் காக்க முடியவில்லை. குடும்ப நண்பன் சாமாவையரும் நாத்தனார்களும் சேர்ந்து அவளை விற்றுவிடுகிறார்கள். அதிகாரம் கையிலிருந்தும் உண்மை கைக்கு எட்டாத இந்த நிலைதான் அவருடைய கதைகளை ஓட்டும் விசை. 1935இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடிப்பில் மேனகா படமாயிற்று. சாமாவையராகத் திரைக்கு வந்தவர் என்.எஸ். கிருஷ்ணன்.

இந்த விசை முழு வடிவம் பெறுவது ‘கும்பகோணம் வக்கீ’லில். இதில் குற்றத்தின் மையம் ஒரு வக்கீல். அதை வெளிக்கொணர்பவர் திகம்பர சாமியார். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் சட்டத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ள, உலகைத் துறந்தவர் உலகத்து வழக்கைக் கையில் எடுக்கிறார். இந்நாவலை மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘திகம்பர சாமியார்’ என்று படமாக்கியது. எம்.என். நம்பியார் பல வேடங்களில் நடித்த அப்படத்தில், வக்கீலைத் தூங்கவிடாமல் விழிக்க வைத்தே உண்மையைக் கறக்கும் பகுதி ஒன்று உண்டு. அடி இல்லை, ஆயுதம் இல்லை. கண் செருகும்போதெல்லாம் எழுப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பகுதியைச் சட்டத்தின் பக்கம் நின்று பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 25ஆம் பிரிவில், போலீஸ் அதிகாரியிடம் செய்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்றது. போலீஸ் மீது சட்டமே வைத்திருந்த அவநம்பிக்கை அது. துப்பறிபவரைப் போலீஸ் உடுப்பிலிருந்து விலக்கித் துறவுக் கோலத்தில் நிறுத்தும் கதையமைப்பு, அந்த அவநம்பிக்கையை வாசகரும் பகிர்ந்துகொண்ட காலத்தில் எழுந்தது. அதே சமயம், தூக்கத்தைப் பறித்துப் பெற்ற வாக்குமூலம் எந்த நீதிமன்றத்திலும் தயக்கமின்றி ஏற்கப்படாது. சாமியாரின் அறம் அந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறது என்று கதை நம்மை நம்பச் சொல்கிறது. காவியின் மதிப்பு கறுப்பு அங்கியின் மதிப்பை வெல்லும் கணம் அது.

இனி காஞ்சிக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டின் மத்தவிலாசப் பிரகசனம் முழுவதும் காஞ்சி நகரத் தெருக்களில் நடக்கிறது. காபாலிகன் சத்தியசோமனின் கபாலப் பாத்திரம் காணாமற்போகிறது. அவ்வழியே வரும் பௌத்த பிக்கு நாகசேனன் மீது சந்தேகம் விழுகிறது. அவனுடைய ஆடைக்குள் ஏதோ மறைந்திருக்கிறது. பிக்கு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டுகிறான்; நிறமே வேறு. காபாலிகன் அடங்கவில்லை, நிறத்தை மாற்றிவிட்டான் என்கிறான். தடயம் கருத்தைத் திருத்தவில்லை, கருத்துதான் தடயத்தைத் திருத்துகிறது. நியாயசபைக்குப் போகலாம் என்ற பேச்சு எழும்போது காபாலிகனின் துணைவி தேவசோமை தடுக்கிறாள்: விகாரங்களின் செல்வம் பிக்குவின் பக்கம், அதிகாரிகளின் வாயை அவனால் நிரப்ப முடியும், நம்மிடம் என்ன இருக்கிறது என்பது அவள் கேள்வி. கடைசியில் கபாலம் ஒரு பைத்தியக்காரனிடமிருந்து கிடைக்கிறது. அவன் அதை ஒரு நாயிடமிருந்து பெற்றவன். காபாலிகன், பிக்கு, இவர்கள் சச்சரவில் நடுவராக வரும் பாசுபதன் என எந்தக் கோலமும் உண்மையைக் கண்டுபிடிக்கவில்லை.

இந்த நாடகத்தை வடுவூராரின் மூலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. காஞ்சியை அடுத்த மாமண்டூர்க் குடைவரைக் கல்வெட்டு அதன் பெயரைச் சொன்னாலும், நூல் திருவனந்தபுரத்தில் டி. கணபதி சாஸ்திரியின் பதிப்பாக 1917இல்தான் அச்சேறியது. தொடர்ச்சி நூல்வழி வந்ததன்று. சமயக் கோலமும் நீதிமன்றமும் உண்மைக்கு உரிமை கோரிப் போட்டியிடும் சமூகத்தில் திரும்பத் திரும்ப எழும் சிக்கல் அது.

அந்தச் சிக்கலை நேர் எதிராகப் புரட்டியவர் காஞ்சியில் 1909இல் பிறந்த அண்ணா. அவருடைய வேலைக்காரி நாடகம் 1949இல் ஜுபிடர் பிக்சர்ஸ் தயாரிப்பில், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கத்தில் படமாயிற்று. கதைநாயகன் ஆனந்தன், இறந்துபோன பரமானந்தனின் உருவ ஒற்றுமையைப் பயன்படுத்தி அவனாகவே வாழ்கிறான். பரமானந்தனின் தாய்க்குக் கண் தெரியாது. ஹரிஹரதாஸ் என்ற ஆசிரமத் துறவி கொல்லப்பட, பணக்கார வீட்டு மகன் மூர்த்தி மீது கொலைக் குற்றம் சாட்டப்படுகிறது. ஆனந்தன் வழக்கறிஞர் வேடத்தில் வந்து, துறவி போலி என்று நிறுவி அவனை மீட்கிறான். வடுவூராரிடம் வக்கீல் கயவன், சாமியார் மீட்பர். அண்ணாவிடம் சாமியார் கயவன், வக்கீல் மீட்பர். இடங்கள் மாறின, வினா மாறவில்லை. அண்ணாவின் வக்கீலும் வேடதாரிதான் என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டத்தின் உடைக்கும் அவர் முழு நம்பிக்கை தரவில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, மாறுவேடம் ஷெர்லக் ஹோம்ஸிடமும் உண்டே என்பது. 1891இல் வந்த ‘பொஹீமியாவில் ஓர் அவதூறு’ கதையில் அவர் பாதிரியாராகவே வருகிறார். ஆனால் அந்த வேடம் ஒரு காட்சிக்கு உதவிவிட்டுக் கழன்றுவிடும் கருவி. திகம்பர சாமியாருக்கோ துறவுக் கோலமே அவர் பேச்சுக்கு எடை தரும் தகுதி. அவர் அடுத்தடுத்துப் போடும் மற்ற வேடங்கள்தாம் ஹோம்ஸின் வேடத்துக்கு ஒப்பானவை.

இரண்டாவது, தழுவலில் ஆசிரியரின் வினாவைத் தேடுவது பொருந்துமா என்பது. காஞ்சிக் கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. இரண்டும் பூட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நெசவாளியின் கைத்திறன் தெரியும். தழுவலையும் அந்தப் பூட்டில்தான் சோதிக்க வேண்டும். ரெயினால்ட்ஸ் சாடியது இங்கிலாந்தின் பிரபுக்களை. அந்த இடத்துக்குத் தமிழில் யார் வந்தார்கள் என்பதில் தழுவியவரின் தேர்வு இருக்கிறது. வடுவூரார் வக்கீலைக் கொண்டுவந்தார். அவர் காலத்தவரான ஜே.ஆர். ரங்கராஜு ‘சந்திரகாந்தா’வில் மடாதிபதியைக் கொண்டுவந்தார், அது 1936இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் திரைக்கும் வந்தது. ஒரே தலைமுறையில் ஒருவர் கறுப்பு அங்கியையும் மற்றவர் காவியையும் சந்தேகித்தார்கள் என்றால், அந்தச் சந்தேகம் இலண்டனிலிருந்து இறக்குமதியானதாக இருக்க முடியாது.

எனவே தமிழ்த் துப்பறியும் நாவலின் தொடக்க காலத்தைப் புதிர்க்கதையின் பக்குவமடையாத பருவம் என்று எழுதுவது சரியன்று. காலனிய நீதிமன்றம் வந்த பிறகு எந்த உடைக்குச் சாட்சி சொல்லும் தகுதி உண்டு என்ற பொது விவாதத்தின் ஒரு தரப்பு அது. வடுவூரார் வைதிக நம்பிக்கையின் பக்கமிருந்தும், அண்ணா பகுத்தறிவின் பக்கமிருந்தும் அதில் பேசினார்கள். இருவரையும் தனித்தனி அலமாரியில், ஒருவரைப் பொழுதுபோக்கு என்றும் மற்றவரைப் பிரச்சாரம் என்றும் அடுக்கிவைக்கும் வரை, அவர்கள் ஒரே வழக்கின் இரு வாதங்கள் என்பது நம் ஆய்வுகளுக்குப் புலப்படாது.