எச்சரிக்கையின் விலை: முன்னுரைத்தவர் தண்டிக்கப்படுவது ஏன்?

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு விதுரனைத் தெரியும். சூதாட்டம் குலத்தை அழிக்கும் என்று சபையில் சொன்னவன்; கிடைத்த பதில், அவன் பிறப்பைப் பற்றிய ஏச்சு. அவன் சொன்னது தவறு என்று யாரும் நிறுவவில்லை. பேரிடரை முன்னுரைப்போர் நம்பப்படாததால் ஒதுக்கப்படுகிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். எச்சரிக்கையால் இன்றே இழப்பவர் யார், அந்த இழப்பை ஈடுசெய்வது யார் என்பது தீராதவரை நம்பிக்கையால் மட்டும் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு தாக்கி ஒரு தொழிலாளி இறந்தார். அதன்பின் ஆலையைத் துருவி ஆராய்ந்த ராஜ்குமார் கேஸ்வானி, 1982-இல் தம் சிறிய வார இதழில் நகரை எச்சரித்தார். சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தபோது, ஆபத்து ஏதுமில்லை என்றும், 25 கோடி ரூபாய் முதலீடு உள்ள ஆலையை எளிதில் இடம் மாற்ற இயலாது என்றும் அமைச்சர் கூறினார். 1984 டிசம்பரில் அதே ஆலையின் நச்சுவாயுக் கசிவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

அங்கே முதலீட்டாளர் பக்கம் நின்றது இழப்பச்சம். இடுக்கியில் அது விவசாயிகளுடையது. மாதவ் காட்கில் குழு 2011-இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதுகாப்பு அறிக்கையை அளித்தது. நிலமும் பிழைப்பும் போய்விடும் என்று மலைவாழ் விவசாயிகள் அஞ்சினர். அறிக்கையை ஆதரித்த இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸுக்குப் போலி இறுதி ஊர்வலம் நடந்தது. 2014 தேர்தலில் அவருக்குச் சீட்டும் கிடைக்கவில்லை. 2024 ஜூலை 30 அன்று, அதே மலைத்தொடரில் உள்ள வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் சரிவில் புதைந்தன.

பலிக்காத எச்சரிக்கைகளை மறந்துவிட்டு, பலித்தவற்றை மட்டும் பொறுக்கியெடுக்கிறோம் என்று மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. ஆனால் சான்றை எடைபோட்டுத் தள்ளுவது வேறு, சொன்னவருக்குப் பாடை கட்டுவது வேறு. தவறான எச்சரிக்கையைக் கண்டறியவும் முதல் வழிதான் வேண்டும்.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தனர். மலைச்சரிவில் வசிக்கும் ஏழைக்கு வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும்தான் உரிமைச் சான்று. ‘இங்கே இருக்காதீர்கள்’ என்பவர் முதலில் அந்தச் சான்றின்மீதே கைவைக்கிறார். மாற்று மனையைக் காட்டாமல் சொல்லப்படும் எச்சரிக்கை, அந்த ஏழையின் காதில் வெளியேற்ற நோட்டீஸாகவே விழும்.

ஆகவே இரண்டு கடமைகள் தேவை. எழுத்தில் வரும் எச்சரிக்கைக்கு உரிய அரசுத் துறை, குறித்த நாளுக்குள் காரணத்துடன் எழுத்தில் பதில் தர வேண்டும். இடம்பெயர்வோரின் இழப்பீட்டை ஆபத்து மண்டலம் வரையும்போதே அறிவிக்க வேண்டும். முதலாவது, தட்டிக்கழிக்கும் அதிகாரியைப் பொறுப்பாளியாக்கும். இரண்டாவது, எச்சரித்தவரைப் பகைக்க மக்களுக்கு இருக்கும் காரணத்தை அகற்றும்.