பொன் தீர்ந்த பின்: கோலார் தங்க வயலின் நிலமும் வீடும்

தமிழகத்துக்கு அப்பால் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் முன்னரே எழும்பி நின்ற நகரங்களுக்குச் சென்று சேர்ந்தவர்கள். மும்பையிலும் தில்லியிலும் நமக்கு முன்பே தெருக்கள் இருந்தன. அவற்றில் ஓர் இடம் தேடிக்கொண்டோம். கோலார் தங்க வயலுக்கு வந்த தமிழருக்கோ அது வாய்க்கவில்லை. அவர்கள் வந்து இறங்கியபோது அங்கு இருந்தவை பாறைக் குன்றுகளும் முட்புதர்களும் சில சிற்றூர்களுமே. சுரங்கத்தைத் தோண்டிய கைகளே ஊரையும் எழுப்பின. அந்தச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது, ஊர் மூடப்படவில்லை. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் அந்த ஊரை இனி என்ன செய்வது என்பது பற்றித் திட்டங்கள் பல எழுந்தவண்ணம் உள்ளன. அவற்றைச் சீர்தூக்கப் புகுமுன், அவ்வூர் முதலில் யாரால், எதன் பொருட்டு வகுக்கப்பட்டது என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மாரிக்குப்பத்துச் சுற்றுப்புறத்தில் சிற்றூர் மக்கள் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதை 1802-இல் வாரன் என்னும் ஆங்கிலப் படைத் துணைத்தலைவர் கண்டு எழுதிவைத்தார். எழுபது ஆண்டுகள் சென்றபின், அக்குறிப்பைப் படித்த லவேல் என்னும் ஓய்வுபெற்ற போர்வீரர் மைசூர் அரசிடம் உரிமை பெற்றுத் தோண்டத் தொடங்கினார். அவர் கையிருப்பு அதற்குப் போதவில்லை. 1880-இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் உள்ளே வந்த பிறகே சுரங்கத் தொழில் நிலைபெற்றது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க்கம் எனச் சுரங்கங்கள் வரிசையாக எழுந்தன.

அவற்றுக்கு ஆட்கள் வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்தனர். மிகப் பலர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். ஆண்டையின் களத்தைவிட அடிநிலத்து இருளே மேல் என்று எண்ணி வந்தவர்கள். இங்கு ஒன்றை நினைவுகூரத் தோன்றுகிறது. தங்க வயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின்மேல் அமைந்தது. அதே பாலாறுதான் கீழே வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாக ஓடுகிறது. கீழ்க்கரைகளில் வறண்ட குடும்பங்கள் பல, தம் ஆற்றின் மேல்நிலத்துக்கே பிழைக்க வந்தன எனலாம்.

குடியிருப்பின் அமைப்பே ஒரு வரலாறு. மேட்டு நிலங்களில் தோட்டம் சூழ்ந்த மாளிகைகளில் ஆங்கில அலுவலர் வாழ்ந்தனர். சுரங்க வாயிலுக்கு அருகே, மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகள் வரிசை வரிசையாக நின்றன. பின்னர் அவை ஒற்றை அறை வீடுகளாக மாறியபோதும் அவற்றின் பெயர் லைன் என்றே நிலைத்தது. கம்பெனி நிலத்துக்கு வெளியே, வணிகத்துக்கும் பிற மக்களுக்கும் என மைசூர் அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்நேரான தெருக்களோடு வகுத்த பேட்டை, அப்போதைய ஆங்கில ரெசிடெண்டு இராபர்ட்சன் பெயரைப் பெற்றது. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து 1902-இல் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொணர்ந்தனர். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். அவ்வளவு முன்னேற்றமான ஊர் அது. ஆயினும் மின்சாரம் வந்தது இயந்திரத்துக்காகவே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஆக, ஓர் ஊருக்குள் இரண்டு நிலங்கள் இருந்தன. ஒன்று கம்பெனியுடையது, மற்றொன்று நகரத்தாருடையது. லைன் வீடு கூலியின் ஒரு பகுதி போன்றது. வேலை உள்ளவரை வீடு, வேலை போனால் வீடும் போயிற்று. தொழிலாளி தன் சொந்த நிலத்தில் நில்லாதவனாதலால், அவனை எண்ணிட்டு அடக்குவதும் நிர்வாகத்துக்கு எளிதாயிற்று. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துப் பல்லாயிரவர் மூன்று வாரம் வேலையை நிறுத்தி நின்ற நிகழ்ச்சி, தங்க வயலின் வரலாற்றில் பெருமைக்குரிய ஒன்று.

பிறகு நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களைத் தன்வயமாக்கியது; 1962-இல் அவை மத்திய அரசின் கைக்கு மாறின; 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தொடக்கத்தில் டன்னுக்கு நாற்பது கிராமுக்கு மேல் பொன் தந்த பாறை, இறுதியில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றிருந்தது. அவ்வளவு ஆழத்தில் வெப்பத்தைத் தணிக்கவும் பாறை வெடிப்பைத் தாங்கவும் ஆகும் செலவு, எடுத்த பொன்னின் விலையை விழுங்கியது. 1930-களில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்த இடத்தில், மூடும்போது எஞ்சியவர் ஏறத்தாழ நான்காயிரவர். நீரிறைக்கும் பொறிகள் நின்றன. சுரங்கங்களில் நீர் நிரம்பியது. 1965-இல் டாட்டா ஆய்வு நிலைய அறிஞர்கள் அந்நிய நாட்டு அறிஞரோடு சேர்ந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவடுகளைக் கண்ட ஆழங்களும் நீரில் மூழ்கின.

மேலே எஞ்சியவை சைனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சைனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் கழிந்த சேறு, நூறு ஆண்டுகளாகக் குவிந்து குன்றுகளாயிற்று. திரைப்படம் எடுப்போருக்கு அவை அழகிய பாலைவனம். அடிவாரத்து லைன்களில் வாழ்வோருக்கு அவை காற்றடி காலத்தில் சோற்றில் விழும் தூசி. சைனைடு வெயிலில் நாளடைவில் சிதையும் இயல்பினது. ஆனால் கந்தகம் கலந்த கனிமங்கள் மழையில் நனைந்து அமிலமாகிக் கசிவது அவ்வளவு விரைவில் ஓய்வதன்று. ஆகவே மரம் நட்டு மூடிவிடுவோம் என்று எளிதாகச் சொல்லிவிட இயலாது.

அம்மேடுகளில் ஏறத்தாழ 3.3 கோடி டன் மண் உள்ளது என்பது கணக்கு. டன்னுக்கு முக்கால் கிராமுக்கும் சற்றுக் குறைவாகப் பொன் இருப்பினும், மொத்தம் இருபது டன்னைத் தாண்டும். பொன் விலை ஏற ஏற, கழிவும் செல்வமாகத் தோன்றுவது இயல்பே. சுரங்கச் சொத்துகளை உலகளாவிய ஏலத்தில் விடும் முடிவு 2006-இல் எடுக்கப்பட்டு, 2013-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020-இல் மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் தொழிற்பேட்டை அமைக்கும் பேச்சு எழுந்தது. 2024 ஜூனில், 13 மேடுகள் அடங்கிய ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரில் கழிவிலிருந்து பொன் எடுக்க கர்நாடக அமைச்சரவை இசைவு தந்தது.

பிற நாடுகளில் இத்தகைய ஊர்கள் என்ன செய்தன? தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் 1970-களிலிருந்து பழைய மேடுகளை நீர்ப்பீச்சால் கரைத்து, குழாய் வழியே தொலைவுக்குக் கொண்டுசென்று, மீண்டும் பொன் எடுத்து வருகின்றனர். மேடு நீங்கிய நிலம் கட்டடங்களுக்கு உதவியது. எடுத்தபின் எஞ்சிய மண் மட்டும் வேறிடத்தில் வேறு மேடாயிற்று. ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்துச் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. அங்கே அரசு முதலில் நிலத்தைத் தன் பொறுப்பில் வாங்கிற்று. 1989 முதல் பத்தாண்டுத் திட்டம் ஒன்றால் கரித் திட்டுகள் பூங்காக்களாயின. அழுக்கு வாய்க்காலாக இருந்த எம்ஷர் ஆற்றைச் சீர்செய்ய முப்பது ஆண்டு தேவைப்பட்டது. சோல்ஃபெரைன் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது 2001-இல். அதே ஆண்டில்தான் தங்க வயலில் கதவு சாத்தப்பட்டது.

இவ்வொப்புமையில் நாம் காண்பது பணத்தின் வேறுபாடு மட்டுமன்று. எஸ்ஸனில் நிலம் யாருடையது என்னும் வினா முதலில் தீர்க்கப்பட்டது. தங்க வயலில் அதுவே கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் நிறுவனம் ஒருபுறம், தன் நிலத்தைத் திரும்பக் கேட்கும் மாநில அரசு மறுபுறம். இடையே நிற்கிறது, மூன்று தலைமுறையாக ஒரே லைன் வீட்டில் விளக்கேற்றும் குடும்பம். வேலையோடு வந்த வீடு, வேலை போனபின் யாருடையது? இதற்கு ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்தில் விடை கிடைக்கும் முன், வரைபடத்தில் தொழிற்பேட்டையையும் அருங்காட்சியகத்தையும் பூங்காவையும் வண்ணம் தீட்டிக் காட்டுவது முறையன்று என்பதே எம் கருத்து. கூரையைச் செப்பனிடத் துணிபவன் வீடு தன்னுடையது என்று அறிந்தவன் அல்லனோ?

நகரின் நடுவிடமும் இதனோடு பிணைந்ததே. இராபர்ட்சன்பேட்டையின் எம். ஜி. மார்க்கெட்டும் அதைச் சூழ்ந்த கடைத்தெருக்களும் ஒரு காலத்தில் சுரங்கத்தின் சம்பள நாளை நம்பி நடந்தவை. இன்று அங்கே புழங்கும் பணத்தில் பெரும்பங்கு பெங்களூரிலிருந்து வருகிறது. 1894-இல் பொன்னுக்காகப் போட்ட பவுரிங்பேட்டை இருப்புப்பாதை வழியே, விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் இரயில் ஏறுகின்றனர். அலுவலகங்களிலும் கட்டட வேலைகளிலும் உழைத்து இரவில் திரும்புகின்றனர். பெங்களூரிலேயே குடியேறிவிடலாமே என்று நாம் கேட்கலாம். வாடகை கட்டாது என்பது ஒரு விடை. மற்றொன்று, பாட்டன் வாழ்ந்த லைன் இன்னும் அங்கே இருக்கிறது. அதை விட்டு வெளியேறியவருக்கு, எழுத்து இல்லாத அந்த வீட்டின்மேல் எவ்வுரிமையும் மிஞ்சாது.