கினிப் பன்றியின் வரலாறு

டில்லி, மும்பை, கொல்கத்தா முதலிய நகரங்களில் குடியேறி அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர் இல்லங்களில், நாய் வளர்க்க இடமில்லை என்று கூறினால், கினிப் பன்றியாவது வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அப்போது பெற்றோர் உள்ளத்தில் சில வினாக்கள் எழுகின்றன. இது பன்றி இனமா? எந்த நாட்டது? என்ன தின்னும்? தனியே வாழுமா? இவற்றிற்கு விடை இப்பிராணியின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

பெயரைக் கண்டு நாம் மயங்க வேண்டா. இது பன்றியும் அன்று. ஆப்பிரிக்காவின் கினி நாட்டுக்கு உரியதும் அன்று. எலி, அணில் போன்ற கொறிவிலங்குகளுள் ஒன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடே இதன் தாயகம். அங்குள்ள மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனைப் பழக்கி உணவுக்காக வளர்த்தனர். 'குய்' என்று அழைத்தனர். பதினாறாம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவை அடைந்தது. 1554-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் கான்ராட் கெஸ்னர் இதனைப் பற்றி எழுதினார். அமெரிக்காவையும் 'இந்தியா' என்றே ஐரோப்பியர் வழங்கிய காலம் அது. அதன் சுவடாக, பிரெஞ்சு மொழியிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் இதன் பெயர் இன்றும் 'இந்தியப் பன்றி' என்பதே. நம் நாட்டைக் காணாமலே நம் பெயரைப் பெற்றுவிட்டது!

ஐரோப்பியச் செல்வர் இல்லங்களில் செல்லப் பிராணியாக இருந்த இது, பின்னர் ஆய்வுக்கூடம் புகுந்தது. 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த ராபர்ட் காக், தம் சோதனைகளில் இதனைப் பயன்படுத்தினார். எனினும் இதனை வளர்ப்போர் மறக்கலாகாத ஆண்டு 1907. நார்வே அறிஞர்களான ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் இவற்றுக்குத் தானிய உணவு மட்டுமே அளித்தனர். நெடுங்கடல் மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் இவற்றையும் பற்றியது. முட்டைக்கோசும் எலுமிச்சைச் சாறும் அந்நோயைத் தடுத்தன. பிற்காலத்தில் வைட்டமின் சி கண்டறியப்படுவதற்கு இச்சோதனை வழி திறந்தது. எலியும் முயலும் அச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். மனிதனாலும் கினிப் பன்றியாலும் அது இயலாது.

ஆகவே, அரிசியும் கோதுமையும் இட்டால் போதும் என்று இருந்துவிட்டால், சில வாரங்களிலேயே இது நோயுற்று மடியக்கூடும். ஓயாது வளரும் பற்கள் தேய்வதற்கு எந்நேரமும் பசும்புல்லோ உலர்ந்த புல்லோ வேண்டும். அன்றாடம் குடமிளகாய், கொத்தமல்லித் தழை, சிறு கொய்யாத் துண்டு ஆகியவற்றுள் ஏதேனும் கொடுத்தல் நலம்.

கூட்டமாக வாழும் இனத்தில் பிறந்தமையால் தனிமை இதற்கு ஆகாது. இதனைத் தனியே வளர்க்கலாகாது என்று சுவிட்சர்லாந்து 2008-இல் விதியே வகுத்தது. இரண்டு பெண் விலங்குகளைச் சேர்த்து வளர்க்கலாம். ஆணும் பெண்ணுமாக விட்டால், ஏறத்தாழ 65 நாட்களில் குட்டிகளுக்கும் இடம் தேட நேரும்.

குளிர்ந்த மலைநாட்டில் பிறந்த இதற்கு 30 பாகை வெப்பமே இடர் தரும். எனவே டில்லி, நாகபுரிக் கோடையில் கூண்டைத் திறந்த மாடத்தில் வைத்தல் தகாது. நிழலும் காற்றோட்டமும் உள்ள அறையே ஏற்றது. நன்கு பேணினால் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வாழும். பிள்ளையின் ஆசை சில மாதங்களில் தணிந்துவிடலாம். அதன் பின்னும் புல்லும் தழையும் தேடிக் கொணர வேண்டியவர் பெற்றோரே. அதற்கு இசைந்த பின்னரே இதனை வீட்டிற்கு அழைத்து வருவோமாக.