பறை மாட்டிய தோள்கள்

நாட்டுப்புற ஆட்டம் இளம்பெண்கள் உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நல்லதுதான். எந்தப் பெண்ணின் உடம்புக்கு என்பதையும் சேர்த்துப் பேசணும்.

எங்கள் பேட்டையும் மேலப்பாளையமும் பீடி சுற்றும் ஊர்கள். மடியில சொளவு வச்சு உக்காந்தா ஆயிரம் முடியுறவரை குனிஞ்ச தலை நிமிராது. "பிடரி கடுக்கு, இடுப்பு ஒடியுது" என்று எங்கம்மை சொல்லாத நாளில்லை. உழைப்புக்குக் குறைவில்லை அந்த உடம்பில், நிமிர்வதற்குத்தான் நேரமில்லை.

ஆட்டத்திலும் நமக்கு இடம் அளந்துதான் கிடைத்தது. ஊரார் கூப்பிட்டால் சாவுக்குப் போய் அடித்தே ஆகவேண்டிய கட்டாய வேலையாகப் பறையை ஆக்கியது சாதி. அதையும் அடித்தவர்கள் ஆண்கள். ஒயிலாட்டமும் ஆண்களுடையது. பெண்களுக்குக் கும்மி, குலவை, ஒப்பாரி. கரகம் எடுத்தவளுக்கோ ஏச்சு.

1990-இல் சகோதரி சந்திரா திண்டுக்கல்லில் தொடங்கிய சக்தி கலைக்குழு இதைப் புரட்டிப் போட்டது. படிப்பு நின்றுபோன தலித் பெண்பிள்ளைகள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் சுண்டுக்குச்சி. அடவு மாறும்போது முழங்கால் மடங்கி நிமிரும், மூச்சு வாங்கும், குதிக்கும்போது விழும் எடை எலும்பை உறுதியாக்கும். கூன் போட்டுக்கிட்டு பறையாட முடியாது. பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2020). ஐந்து நாள் அரைமணி ஆடினால் கணக்கு சரி.

ஆனால் வெறும் வயித்தோட எப்படி ஆட? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தமில்லாத உடம்பு ஆடினால் தலைதான் சுற்றும். மாட்டுக்கறி தின்கிறவள் என்று நம்மை ஏசினார்களே, இரும்புச்சத்து அந்தக் கறியிலும் ஈரலிலும்தான் நிறைய இருக்கிறது. ஆட்டத்தோடு சோறு, நியாயமான கூலி, ஓய்வு மூன்றையும் கேட்டால்தான் அது ஆரோக்கியப் பேச்சு.

இன்னொன்று. சதிராடிய பெண்களை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் மேல்சாதி எடுத்துக்கொண்ட கதை கடந்த நூற்றாண்டில் நடந்தது. பறைக்கும் அது நடக்கலாம்: உடற்பயிற்சி என்ற பெயரில் தாளம் மட்டும் போய்ச்சேரும், தீட்டு நம் தெருவிலேயே கிடக்கும். யார் வேண்டுமானாலும் கற்கட்டும். ஆனால் கற்றுக்கொடுக்கிற இடத்தில், சம்பளத்தோடும் மரியாதையோடும், நம் பிள்ளைகள் நிற்கவேண்டும்.