கடை வாசலில் பச்சைக் கோடு



பெப்ரவரி 4 நெருங்கினால் நமது புல்மோட்டைக் கடைத்தெருவிலும் கொடி ஏறும். வீடுகளிலும் வியாபார நிலையங்களிலும் தேசியக் கொடியைப் பறக்கவிடுமாறு அரசாங்கம் கேட்டுக்கொள்ளும். சாப்பாட்டுக்கடை நடத்தும் ஒரு காக்கா கம்பில் கொடியைக் கட்டிக்கொண்டே, "சேர், பச்சை எந்தப் பக்கம் வரணும்?" என்றார். கம்பை ஒட்டிப் பச்சை, அடுத்தது செம்மஞ்சள் என்றோம். அந்தப் பச்சை வந்த கதையைச் சொல்ல அவரது வாடிக்கையாளர்கள் விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம்.

1948 ஜனவரி 16. சுதந்திரத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. கண்டியின் கடைசி மன்னனுடைய சிங்கக் கொடியே சுதந்திர இலங்கையின் கொடியாக வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் யார்? மட்டக்களப்பு உறுப்பினர் ஏ. சின்னலெப்பை. ஆம், கிழக்கு முஸ்லிம்! வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை.

தமிழர் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. பண்டாரநாயக்க தலைமையில் குழு அமைந்தது. ஸாஹிராவின் அதிபராக இருந்த டீ.பி. ஜாயாவும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் அதில் இருந்தார்கள். முஸ்லிம்களுக்குப் பச்சை, தமிழருக்குச் செம்மஞ்சள் என்று இரண்டு கோடுகள் சேர்ந்தன. 1951 மார்ச் 2இல் கொடி ஏற்கப்பட்டது. குழுவிலிருந்த செனட்டர் நடேசன் மட்டும் இணங்கவில்லை. சிங்கம் தனிச் சட்டத்துக்குள், நாம் அதற்கு வெளியே. அவர் இணங்காததில் நியாயம் இருந்தது என்றே நமக்குப் படுகிறது.

ஆறே வருடம். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்திருந்தது. 1957 பெப்ரவரி 4ஐத் துக்க நாளாக அனுஷ்டிக்கத் தமிழரசுக் கட்சி அழைத்தது. நமது மாவட்டத் தலைநகரில், மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏற்றப்போன இளைஞர் நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். திருகோணமலைக்குச் சாமான் எடுக்கப் போகிறவர்கள் ஒரு தடவை இதை நினைத்துப் பாருங்கள்.

அடுத்த வருடம் வாகன இலக்கத் தகட்டின் சிங்கள 'ஸ்ரீ' பிரச்சினை. வடக்கு கிழக்கில் அதை அழித்துத் தமிழில் எழுதினார்கள். பதிலுக்குக் கொழும்பில் கடைப் பெயர்ப்பலகைகளின் தமிழ் எழுத்துகளில் தார் பூசப்பட்டது. சண்டை அரசியல்வாதிகளுடையது, பலகைக்குக் காசு கொடுத்தவன் கடைக்காரன்.

தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொன்னது. வடக்கு கிழக்கில் தமிழே நிர்வாக மொழி என்பது 1988இன் 16ஆவது திருத்தத்தில் உறுதியானது. சட்டத்தில் வந்தது எல்லாக் கந்தோர்ப் பலகைகளிலும் பிழையில்லாமல் வந்ததா என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

பிறகு 2019. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின் பொது இடப் பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மட்டுமே இருக்கலாம், அரபு கூடாது என்றார்கள். காத்தான்குடி வீதிப் பலகைகள் நாடு முழுக்கப் பேச்சானது.

கொடி கட்டிய அந்தக் காக்காவின் பலகையிலும் 'ஹலால்' என்று அரபில் ஒரு சொல் இருந்தது. அதை அழிக்கும்படி அவரிடம் யாரும் வரவில்லை, கடிதமும் இல்லை. மே மாதம் ஒரு இரவு அவரே ஏணி வைத்து ஏறி வெள்ளைப் பெயின்ற் அடித்துவிட்டார். ஏன் என்று கேட்டோம். "கேட்டு வர முந்தி செஞ்சிட்டா நல்லம்தானே சேர்" என்றார்.

இந்த வருடமும் கொடி அந்தப் பலகைக்கு மேலேதான் கட்டினார். பச்சை கம்பை ஒட்டி, சரியாக.