பிணக்கின் கனி

ஸ்பானிய மொழியிலே ‘மன்சானா’ என்னுஞ் சொல் அப்பிட் பழத்தையுங் குறிக்கும். நான்கு வீதிகளுக்கு இடைப்பட்ட மனைத்தொகுதியையுங் குறிக்கும். பார்சலோனா நகரின் பசேச் டி கிராசியா பெருவீதியிலுள்ள ஒரு தொகுதியை மக்கள் ‘பிணக்கின் மன்சானா’ என்பர். கிரேக்கக் கதையிலே மூன்று தேவியரைப் பகைக்கச் செய்த பொற்கனியை நினைந்து இட்ட சிலேடைப் பெயர் அது.

1854இல் பழைய மதில்களை இடிக்கத் தொடங்கியபின் விரிந்த புதுநகரிலே, கைத்தொழிலாற் பொருளீட்டிய செல்வர் இவ்வீதியை நாடினர். சொக்கலேற் உற்பத்தியாளர் அமட்லெரின் மனையை 1898 முதல் 1900 வரை புய்க் இ கடபால்க் திருத்தியமைத்தார். அதன் முகடு வடஐரோப்பிய வீடுகளைப் போலப் படிப்படியாய் உயர்கின்றது. அதே வரிசையில், டொமெனெக் இ மொன்டனெர் 1902இல் கையேற்ற லெயோ மொரேரா மனை மலர்ச் சிற்பங்களாற் பொலிந்தது. புடைவைத் தொழிலதிபர் பத்லோவுக்காகக் கௌடி 1904 முதல் 1906 வரை மாற்றியமைத்த மனையிலோ நேர்கோடு அரிது. தூண்கள் எலும்பை ஒக்கும். கூரை பறவைநாகத்தின் முதுகென வளையும்.

மூன்றும் புதிதாய் எழுந்தவையல்ல. எளிய பழைய வீடுகளே புத்தாடை புனைந்தன. அவற்றுக்கிடையே போட்டி இருந்தது மெய்யே. ஆயினும், அமட்லெர் மனையை ஒட்டிய பக்கத்திலே கௌடி தம் முகப்பைத் தாழ்த்தி, அயல்வீட்டின் படிமுகடு மறையாது விளங்க இடமளித்தார்.

உண்மைக் கேடு வேறு திசையிலிருந்து வந்தது. 1943இல் கடையொன்றை அமைப்பதற்காக லெயோ மொரேரா மனையின் கீழ்த்தள முகப்புச் சிற்பங்கள் அழிக்கப்பட்டன. மாறுபட்ட அழகுகள் ஒன்றையொன்று அழிப்பதில்லை. அழகை மதியாமையே அழிக்கின்றது.