தாயின் குருதியும் ஒரு பழைய பழிச்சொல்லும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், போடிக்கும் உத்தமபாளையத்திற்கும் இடையே உள்ள ஊர் தேவாரம். தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றைப் போலவே இங்கும் ஒரு காலத்தில் பிள்ளை பெற்ற வீட்டாரை அச்சுறுத்திய சொல் ஒன்று உண்டு. அதுதான் 'சன்னி'. சுகமாகப் பிள்ளை பெற்றவள் சில நாள்களில் தலைவலி என்பாள், பிறகு வலிப்பு வரும், ஒரு பக்கத்துக் கையும் காலும் விளங்காமற் போகும், நினைவு தப்பும். பேய் பிடித்தது என்றனர் சிலர். அவள் பிறந்த வீட்டுச் சாபம் என்றனர் வேறு சிலர். உயிரிழந்தவள் மீதே பழியும் விழுந்தது.

சன்னி என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் மறைந்திருந்தன. பிரசவத்தில் தொற்றிய கிருமியால் வரும் காய்ச்சல் ஒன்று. இரத்த அழுத்தத்தால் வரும் வலிப்பு மற்றொன்று. மூன்றாவது, மூளையிலிருந்து குருதியைத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகளில் குருதி உறைந்து அடைத்துக்கொள்வது. இம்மூன்றாவது நோயை நம் நாட்டில் வெளிச்சத்திற்குக் கொணர்ந்தவர்களுள் முக்கியமானவர் மதுரையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன். 1974-இல் அவரும் எம். நடராஜனும் இதைப் பற்றி எழுதினர். 1983-இல், கருவுற்ற காலத்திலோ மகப்பேற்றுக்குப் பின்னோ மூளைக் குருதிக் குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றிய விரிவான கட்டுரையைச் சீனிவாசன் வெளியிட்டார். 1996-இல் தேனி தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்ததே. ஆகவே இது நம் மண்ணின் தாய்மாரின் வரலாறும் ஆகும்.

காயமே இல்லாத இடத்தில் குருதி உறைவானேன்? 1895 முதல் பெரியாற்று நீர் பாயும் இப்பள்ளத்தாக்கின் உழவர்க்கு இதை விளக்குவது எளிது. வாய்க்காலின் கரை உடைந்தால் உடைந்த இடத்தில் மண் கொட்டி அடைக்கிறோம். வாய்க்கால் முழுவதையும் மண்ணால் நிரப்புவதில்லை. குருதியும் அவ்வாறே காயத்தில் மட்டும் உறைய வேண்டும். 'போதும், நில்' என்று உறைதலை நிறுத்துவதற்கென்றே நம் குருதியில் சில புரதங்கள் உள்ளன.

அவற்றின் முக்கியத்துவம் 1965-இல் தெளிவாயிற்று. நார்வே நாட்டு மருத்துவர் ஓலாவ் எகபெர்க், ஒரே குடும்பத்தில் பலருக்குக் குருதிக்கட்டி உண்டாவதைக் கண்டு ஆராய்ந்தார். அவர்கள் குருதியில் ஆன்டித்ராம்பின் என்னும் காவற்புரதம் குறைந்திருந்தது. 1976-இல் ஸ்வீடன் நாட்டு யோஹான் ஸ்டென்ஃப்ளோ மாட்டுக் குருதியிலிருந்து மற்றொரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். பிரித்தெடுக்கையில் மூன்றாவதாக வெளிவந்த பகுதியில் இருந்ததால் அது 'புரதம் சி' எனப் பெயர் பெற்றது. அதன் துணைவனான 'புரதம் எஸ்', அது கண்டறியப்பட்ட சியாட்டில் நகரின் முதலெழுத்தைத் தாங்கி நிற்கிறது. புரதம் சி பரம்பரையாகக் குறைந்த குடும்பம் ஒன்றை 1981-இல் அமெரிக்காவில் ஜான் கிரிஃபினும் அவருடைய குழுவினரும் கண்டனர்.

இப்புரதங்கள் வேலை செய்யும் விதம் வியப்புக்குரியது. குருதியை உறையச் செய்வது த்ராம்பின் என்னும் பொருள். அதே த்ராம்பின், காயமுறாத குழாய்ச் சுவரை அடைந்ததும் அங்குள்ள ஒரு புரதத்தோடு இணைந்து, புரதம் சி-யைத் தூண்டிவிடுகிறது. புரதம் சி, புரதம் எஸ்-இன் துணையோடு, மேற்கொண்டு உறைதலுக்கு உதவும் பொருள்களைத் துண்டித்துவிடுகிறது. தீ மூட்டியவனையே தீயணைக்கவும் ஏவியது போன்ற ஏற்பாடு இது.

கருவுற்ற நாள்களில் தாயின் உடலில் உறைவிக்கும் பொருள்கள் பெருகுகின்றன. புரதம் எஸ் குறைகிறது. பிரசவத்தில் குருதி மிகுதியாக வெளியேறாமலிருக்க இயற்கை செய்யும் முன்னேற்பாடு இது. ஆனால் பிரசவம் முடிந்த பின்னும் சில வாரங்கள் அதே நிலை நீடிக்கிறது. அவ்வேளையில் குருதிச்சோகையும் நோய்த்தொற்றும் சேர்ந்தால் ஆபத்து கூடும். 'பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது' என்று நாம் அன்போடு மறுத்த தண்ணீரும், உடலின் நீர்ச்சத்தைக் குறைத்து அவ்வாபத்துக்குத் துணைபோயிருக்கக் கூடும். பரம்பரையாகவே காவற்புரதம் குறைந்தவளாயின் இடர் இன்னும் மிகுதி. அக்குறையோ தாய்வழியாக மட்டுமன்றித் தந்தைவழியாகவும் வரும், ஆணுக்கும் வரும். சாபம் என்று பெண்ணின் பிறந்த வீட்டை மட்டும் சுட்டிய விரல்கள் இதை அறியவில்லை.

மருத்துவம் செய்வதிலும் நெடுங்காலம் தயக்கம் இருந்தது. அடைபட்ட மூளையில் குருதிக் கசிவும் இருக்கலாம் என்பதால், உறைதலைத் தடுக்கும் மருந்து கேடு செய்யுமோ என்று மருத்துவர்கள் அஞ்சினர். 1991-இல் ஜெர்மனியில் 20 நோயாளரிடம் செய்த ஆய்வு ஹெப்பாரின் என்னும் மருந்து பயன் தருவதைக் காட்டிற்று. பின்னர் பெங்களூரிலும் பிள்ளை பெற்ற தாய்மாரிடம் அதன் நன்மை காணப்பட்டது. இதில் ஒன்று நினைக்கத் தக்கது. ஹெப்பாரின் நேரே வேலை செய்வதில்லை; குருதியில் ஏற்கனவே இருக்கும் ஆன்டித்ராம்பினின் ஆற்றலைப் பெருக்குகிறது, அவ்வளவே. உள்ளே இருக்கும் காவலனுக்கு வெளியிலிருந்து வரும் கைத்துணை அது.

இன்று படக்கருவிகளால் நோயை விரைவில் கண்டறியலாம். உரிய நேரத்தில் மருத்துவம் பெறுவோருள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். மூன்று செய்திகள் மட்டும் நம் இல்லங்களுக்குத் தேவை. பிள்ளை பெற்றவளுக்குத் தாகம் தீரத் தண்ணீர் கொடுங்கள். விடாத தலைவலி என்றோ பார்வை மங்குகிறது என்றோ அவள் சொன்னால், கஷாயம் காய்ச்சிக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தில் எவருக்கேனும் இளவயதில் குருதிக்கட்டி உண்டாகியிருந்தால், அதை மறைக்காமல் கருவுற்ற தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கூறுங்கள்.

பேய் என்றும் சாபம் என்றும் பெயர் சூட்டிப் புதைத்த அந்தப் பெண்களுக்கு நாம் இனி உயிர் கொடுக்க இயலாது. அவர்கள் மீது சுமத்திய பழியையாவது இறக்கிவைக்கலாம்; அது நாம் அவர்களுக்குப் பட்ட கடன்.